உப்புத்தண்ணி விளக்கும் கியூபெக் சிலுவையும்

வாசகர் கடிதம் (சுருக்கம்): ஐயா, நான் முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை. எட்டாம் வகுப்பை மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து படித்தவள். இப்போது அயர்லாந்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன், மூன்றாம் வருடம். சமயப் பற்றுத் தளர்ந்துவரும் ஜனநாயக நாடுகளில் சமயமும் அரசியலும் எப்படிக் கொழுவிக்கொள்கின்றன என்பதுதான் பொருள். அயர்லாந்தையும் கனடாவின் கியூபெக் மாகாணத்தையும் எடுத்திருக்கிறேன். ஊரையும் ஒரு அத்தியாயமாகச் சேர்க்கும்படி மேற்பார்வையாளர் சொல்கிறார். அப்பா எங்கள் கோயில் பரிபாலன சபையில் இருக்கிறார். "எங்கட கோயில் கதையை வெளிநாட்டுக்காரருக்கு எழுதிக் குடுக்காதை பிள்ளை" என்கிறார். "அங்க சனம் கோயிலுக்குப் போறேல்லை எண்டதைப் படிச்சு எங்களுக்கு என்ன?" என்று அயலில் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை. வைகாசிப் பொங்கலுக்கு வந்து நிற்கிறேன். அம்மன் வாசலில் கும்பிடுகிறேனா குறிப்பெடுக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. மதச்சார்பின்மையை ஆராய்கிற நான் இப்படி நிற்பது சரியா? ஆய்வுச் சுருக்கத்தையும் இணைத்திருக்கிறேன்.

அன்புள்ள பிள்ளை,

கடிதத்தையும் சுருக்கத்தையும் இரண்டு தரம் வாசித்தேன். மற்றதெல்லாம் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருப்பதால் அதை முதலில் அவிழ்க்கிறேன்.

"மதச்சார்பின்மையை ஆராய்கிற நான்" என்று எழுதியிருக்கிறீர். தமிழில் இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு விஷயங்களை அடைத்து வைத்திருக்கிறோம். அரசு எந்தச் சமயத்தின் பக்கமும் சாயாமல் நிற்பது ஒன்று. சனத்தின் வாழ்க்கையில் சமயத்தின் பிடி தளர்வது மற்றது. முதலாவதைச் சட்டப் புத்தகத்தில் தேடலாம். இரண்டாவதைக் காண ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் நிற்க வேண்டும். இரண்டும் கைகோத்து நடப்பதில்லை. இங்கிலாந்தில் அரச திருச்சபை இன்றைக்கும் உண்டு. பிரபுக்கள் சபையில் 26 ஆயர்களுக்கு ஆசனம் இருக்கிறது. ஆனால் 2021 குடிசன மதிப்பீட்டில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தம்மைக் கிறிஸ்தவர் என்று பதிந்தவர்கள் 46.2 வீதம்தான். அயர்லாந்தில் அரச திருச்சபை இல்லை. கத்தோலிக்கத் திருச்சபைக்கு அரசமைப்பு கொடுத்திருந்த விசேட நிலையையும் 1972இல் சர்வசன வாக்கெடுப்பு வைத்து நீக்கிவிட்டார்கள். அந்தக் காலத்து அயர்லாந்திலோ கத்தோலிக்கரில் பத்துக்கு ஒன்பது பேர் ஞாயிறு பூசையைத் தவறவிடாதவர்கள்.

உம்முடைய ஆய்வு இரண்டாவதைப் பற்றியது. அதாவது, பிடி தளரும்போது அரசியலில் என்ன நடக்கிறது என்பது. அதை ஆராய்கிறவள் அம்மன் வாசலில் கைகூப்பி நிற்பதில் ஒரு முரணும் இல்லை. மீன்வளம் படிக்கிறவர் மீன் சாப்பிடுவதில்லையா? இதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

இப்போது மேற்பார்வையாளர் கேட்ட அத்தியாயத்துக்கு வருவோம். வேண்டாம் என்பதே என் எண்ணம். காரணங்கள் மூன்று. ஒன்றுதான் பெரிது. அதைக் கடைசியில் வைக்கிறேன்.

முதலில், முல்லைத்தீவு அடங்கிய எங்கள் வன்னிப் பகுதி உம்முடைய தலைப்புக்குள் அடங்காது. இலங்கை அரசு தன்னை நடுநிலை என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. 1972 அரசமைப்பிலும் பிறகு 1978 அரசமைப்பின் 9ஆம் உறுப்புரையிலும் பௌத்தத்துக்கு முதன்மை இடம் எழுதியிருக்கிறது. சனத்தின் பற்றும் தளரவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குச் சமயம் கட்டாய பாடம். மடு மாதா கோயிலுக்கு ஆவணியில் போகிற கூட்டத்தையும், கடற்தண்ணியில் விளக்கெரிக்கிற வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு வைகாசியில் போகிற கூட்டத்தையும் நீர் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். இதைக் கொண்டுபோய் அயர்லாந்துக்கும் கியூபெக்குக்கும் பக்கத்தில் மூன்றாவதாக நிறுத்தினால் வாசிக்கிறவர் என்ன நினைப்பார்? அவர்கள் ஏணியில் மேலே ஏறிவிட்டார்கள், இவர்கள் கீழ்ப்படியில் நிற்கிறார்கள் என்றுதான். நீர் அப்படி எழுதாவிட்டாலும் அடுக்கிய வரிசையே அதைச் சொல்லிவிடும். நவீனம் வளர வளரச் சமயம் மங்கும் என்று 1960களில் எழுதிய சமூகவியலாளர் பீட்டர் பேர்கர், 1999இல் தாமே அது பிழை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஏணியைக் கட்டினவரே இறங்கிவிட்டார். எங்கள் ஊரை அதன் அடிப்படியாக வைக்கிற வேலை உமக்கு வேண்டாம்.

இதோடு இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. வெளியே படிக்கப் போன எங்கள் பிள்ளைகள் எங்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ஒரு எதிர்பார்ப்பு எல்லா இடத்திலும் இருக்கிறது. ஐரோப்பியப் பிள்ளை வன்னியைப் பற்றி எழுதினால் அது ஆய்வு. வன்னிப் பிள்ளை அயர்லாந்தைப் பற்றி எழுத வெளிக்கிட்டால், "உன்னுடைய ஊரையும் சேர்" என்று ஒரு குரல் வருகிறது. உம்முடைய மேற்பார்வையாளர் நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார். ஆனால் தறப்பாளுக்குள் படித்த பிள்ளை டப்ளின் பாராளுமன்ற விவாதங்களைப் பிரித்து வைத்து அந்த நாட்டுக்கு அதன் முகத்தைக் காட்டுகிறாள் என்பதே எனக்குப் பெருமை. அதற்கு வேறு சான்றிதழ் தேவையில்லை.

இரண்டாவது காரணம் ஆட்கள். இதை என் பிழையிலிருந்து சொல்கிறேன். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு, ஒரு குளக்கட்டுக் கிராமத்துச் சிறிய கோயிலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். பரம்பரையாக மடை பரவி வந்த பூசாரியை வைத்திருப்பதா, ஆகம முறைப்படி குருக்களைக் கொண்டுவருவதா என்று ஊர் இரண்டுபட்டு நின்றது. ஊரின் பெயரை எழுதவில்லை, ஆட்களின் பெயர்களை மாற்றினேன், மாவட்டத்தைக்கூடச் சொல்லவில்லை. கட்டுரை உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக, பூசாரி வளர்த்த ஒற்றைக்கொம்பு மாட்டைப் பற்றி இரண்டு வரி சேர்த்தேன். எட்டு மாதம் கழித்து அவர் வவுனியாவுக்கு பஸ் ஏறி வந்து என் வீட்டுப் படலையில் நின்றார். "ஐயா, என்ர பேரைப் போடேல்லைத்தான். ஆனா என்ர ஒற்றைக்கொம்பனைப் போட்டிட்டியள்" என்றார். என்னை நம்பி மறுபக்கத்தாரைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அந்த வருடப் பொங்கலுக்கு அவரைக் கூப்பிடவில்லை. நான் தேத்தண்ணி கொடுத்தேன், குடித்தார், ஒரு கோபமும் காட்டாமல் போனார். அந்தக் கோபமின்மையை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

அயர்லாந்தில் ஒரு தேவாலயப் பங்கின் (வட்டாரத்தின்) பெயரை மாற்றினால் ஆளை மறைக்கலாம். ஐந்நூறு குடும்பம் இருக்கிற எங்கள் ஊரில் பெயர் ஒரு மறைப்பே இல்லை. அதனால் அப்பா சொல்வதை ஊர்க்கட்டுப்பாடு என்று தள்ளிவிடாதேயும். காணி வழக்கு, வர்த்தமானி, பொலிஸ் என்று கோயில்களைச் சுற்றி என்னென்ன நடக்கிறது என்பது சபையில் இருக்கிறவருக்குத் தெரியும். ஒரு வாக்குமூலம் எங்கே போய் நிற்கும் என்று அவர் கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கு சரியானது. இன்னொரு விஷயம்: உம்முடைய பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒழுக்கக் குழு கொடுத்த அனுமதி அயர்லாந்துக்கும் கியூபெக்குக்கும்தானே? அதை வைத்துக்கொண்டு முல்லைத்தீவில் ஒருவரைக்கூடச் செவ்வி காண முடியாது. புதிதாக விண்ணப்பித்துத்தான் செய்ய வேண்டும். மேற்பார்வையாளரிடம் இதை முதலில் சொல்லும்.

மூன்றாவதுதான் நான் உண்மையில் எழுத வந்தது. உம்முடைய சுருக்கத்தின் நடுவில் ஒரு வசனம் இருக்கிறது: "பற்றுத் தளரும் சமூகத்தில் சமயச் சின்னம் பண்பாட்டுச் சின்னமாக மாறி, அதன் வழியாக அரசியலுக்குள் திரும்புகிறது." ஆய்வின் முதுகெலும்பு இதுதான். நல்ல வசனம். கியூபெக் இதற்கு அச்சாவான சாட்சி. மாகாணச் சட்டமன்றத்தில் சபாநாயகரின் ஆசனத்துக்கு மேலே 1936இல் டுப்ளெசிஸ் அரசாங்கம் ஒரு சிலுவையை மாட்டியது. 1960களில் சனம் திருச்சபையிலிருந்து விலகியது, பாடசாலையும் வைத்தியசாலையும் அரசின் கைக்கு வந்தன. சிலுவை அசையவில்லை. 2008இல், சிறுபான்மையினரின் சமய வழக்கங்களுக்கு இடங்கொடுப்பது பற்றி விசாரித்த பூஷார், டெய்லர் ஆணைக்குழு அதைக் கழற்றி வேறிடத்தில் வைக்கச் சொன்னபோது, சட்டமன்றம் ஒருமனதாக அதை அங்கேயே வைத்திருக்கத் தீர்மானித்தது. சொன்ன காரணம் பக்தி இல்லை, மரபு. பிறகு 2019 யூனில் 21ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆசிரியர், பொலிஸ், அரச வழக்குத்தொடுநர் போன்றோர் வேலைநேரத்தில் சமயச் சின்னம் அணியத் தடை. ஒரு முஸ்லிம் ஆசிரியையின் முக்காட்டைத் தடுத்துக்கொண்டு தலைக்கு மேலே சிலுவையை வைத்திருக்க முடியாது என்பதால், அடுத்த மாதம் அதைக் கழற்றி அதே கட்டடத்தில் காட்சிப் பொருளாக வைத்தார்கள். 2018இல் ஜெர்மனியின் பவேரியா மாநிலம் அரச கட்டடங்களின் வாசலில் சிலுவை மாட்ட உத்தரவிட்டபோதும் பண்பாடு என்றே சொன்னது. அதை எதிர்த்துப் பேசியவர்களில் கத்தோலிக்கக் கர்தினால் ரைன்ஹார்ட் மார்க்ஸும் ஒருவர். சின்னத்தைத் தூக்குகிறவரும் அதைக் கும்பிடுகிறவரும் வேறு வேறு ஆட்களாகிவிட்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சரி, இப்போது உம்முடைய வீட்டிலிருந்து வெளிக்கிட்டுக் குமுளமுனைப் பக்கம் வாரும். குருந்தூர்மலையில் ஆதிஐயனாருக்குப் பொங்கி வந்த சனத்துக்கு முன்னால் 2021 தையில் அகழ்வு தொடங்கியது. வந்தது தொல்பொருள் திணைக்களம். கையில் இருந்தது 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச்சட்டம், அதாவது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். சொன்ன சொல் மரபுரிமை. வழக்கு முல்லைத்தீவு நீதிமன்றத்துக்குப் போனது, கட்டளைகள் பிறந்தன, பௌத்த விகாரை கட்டுகிற வேலை நிற்கவில்லை என்று திரும்பத் திரும்ப முறைப்பாடு வந்தது. 2023 செப்டெம்பரில் அந்த வழக்கைக் கேட்ட நீதிபதியே உயிரச்சுறுத்தல் என்று சொல்லிப் பதவியை விட்டு நாட்டைவிட்டுப் போனார். வவுனியா வடக்கில் வெடுக்குநாறி மலையிலும் தொல்பொருள் என்ற சொல்தான். 2024 சிவராத்திரி இரவு அங்கே எட்டுப் பேரைப் பிடித்தார்கள். பிறகு நீதிமன்றம் விடுவித்தது.

இங்கேதான் உம்முடைய வசனம் இடிபடுகிறது. கியூபெக்கில் பக்தி போன வீட்டுக்குள் மரபு என்ற சொல் குடிவந்தது. இங்கே பக்தி குறையாத நாட்டில், பௌத்தத்துக்கு அரசமைப்பே முதலிடம் கொடுத்த நாட்டில், அதே சொல்தான் வாசலைத் திறந்தது. சமயத்தின் பெயரால் நேரடியாக வந்திருக்கலாமே, யார் தடுத்திருப்பார்? ஆனாலும் அகழ்வு, அளவை, வர்த்தமானி என்ற வழியால் வந்தார்கள். ஆகவே பற்றுத் தளர்வதுதான் சின்னத்தைப் பண்பாடாக மாற்றுகிறது என்ற உம்முடைய காரணம் போதாது. வேறொன்றும் இருக்க வேண்டும். பெரும்பான்மையின் சமயம் ஒரு அரச அலுவலகத்தின் நடுநிலைக் குரலில் பேச வேண்டியிருக்கும்போது, எதிரே நிற்கிறவன் "எனக்கும் சம உரிமை" என்று கேட்க முடியாத ஒரு சொல் அதற்குத் தேவைப்படுகிறது. சமயம் என்று சொன்னால் மற்றவனும் தன் சமயத்தைச் சொல்வான். மரபு என்று சொன்னால் அவன் வாயடைத்து நிற்பான், ஏனென்றால் நாட்டின் மரபு யாருடையது என்பது ஏற்கனவே முடிவாகிவிட்ட கேள்வியாக நடத்தப்படுகிறது. நான் நினைப்பது இது. சரியா என்று கியூபெக்கிலும் அயர்லாந்திலும் உரசிப் பார்க்க வேண்டியவர் நீர்.

நேர்மையாக இன்னும் இரண்டு வரி. மண்ணுக்குள் பௌத்த எச்சம் இருந்தால் இருக்கட்டும். தமிழரிலும் ஒரு காலத்தில் பௌத்தர் இருந்தார்கள். பிரச்சினை, இன்றைக்கு அங்கே பொங்க வருகிற கிழவியை யார் மறிக்கிறார் என்பது. மரபு என்ற இந்தச் சொல்லை எங்களுக்குள்ளேயே நாங்களும் எடுத்து வீசியிருக்கிறோம். 2019 சிவராத்திரிக்கு முந்திய நாள் மன்னார் திருக்கேதீச்சரம் சிவன் கோயிலின் வீதி வளைவைப் பிடுங்கியபோது இரண்டு பக்கமும் நின்ற சைவரும் கத்தோலிக்கரும் தமிழர், பேசிய மொழி ஒன்று, 2009 வரைக்கும் ஒரே பங்கருக்குள் இருந்த சனம். அதையும் மறைக்காமல் எழுதினால்தான் மற்றதை எழுத உமக்குத் தகுதி வரும்.

ஆகவே வன்னிக்குத் தனி அத்தியாயம் வேண்டாம். முடிவுரையில் ஐந்தாறு பக்கம் போதும், அதுவும் உம்முடைய சொந்த வாதத்தைச் சோதிக்கிற கேள்வியாக. ஒரு செவ்வியும் தேவையில்லை. வர்த்தமானி, நீதிமன்றக் கட்டளை, ஹன்சார்ட் (பாராளுமன்ற உரைப்பதிவு), திணைக்களத்தின் பகிரங்க அறிவித்தல் ஆகியவற்றில் ஏற்கனவே எல்லாருக்கும் தெரிந்ததை மட்டும் எடும். யாருடைய ஒற்றைக்கொம்பனும் அதற்குள் வராது. மேற்பார்வையாளருக்கு இப்படிச் சொல்லும்: "வன்னியை ஒப்பீட்டுக்குச் சேர்த்தால் என் தலைப்பு உடையும். என் காரணத்தைச் சோதிக்கச் சேர்த்தால் என் வாதம் இறுகும்." விஷயம் தெரிந்தவர் என்றால் உடனே பிடித்துக்கொள்வார்.

எண்கள் பற்றி இரண்டு எச்சரிக்கை. தேர்தல் முடிவுகளை எடுப்பீர் என்றால், வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மட்டுமே. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் எண்ணப்படுகிறது. இது தெரியாமல் வன்னி வாக்கு என்று எழுதிய கட்டுரைகளைத் திருத்தியிருக்கிறேன். மற்றது அயர்லாந்து. கத்தோலிக்கர் 2016இல் 79 வீதம், 2022இல் 69 வீதம் என்று ஒரு வரைபடம் போட்டிருக்கிறீர். 2022 படிவத்தில் கேள்வியே மாறியது. "உங்கள் சமயம் என்ன?" என்றிருந்ததை "சமயம் ஏதும் இருந்தால், அது என்ன?" என்று கேட்டார்கள். பத்து வீதச் சரிவில் எவ்வளவு மனமாற்றம், எவ்வளவு படிவமாற்றம் என்று பிரிக்காமல் அந்தக் கோட்டை இழுக்காதேயும். கருக்கலைப்புத் தடையை நீக்க 2018இல் 66.4 வீதம் பேர் வாக்களித்தபோதும் அந்நாட்டில் பெரும்பான்மை கத்தோலிக்கர்தான். ஆரம்பப் பாடசாலைகளில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது இன்றும் திருச்சபையின் பொறுப்பில்தான். மனம் மாறினாலும் பாடசாலைச் சாவி கைமாறவில்லை. எங்கள் நாட்டில் 1960, 61இல் அரசு மிசன் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது சாவி கைமாறியது, மனம் மாறவில்லை. இது தனியாக ஒரு கட்டுரைக்கான விஷயம். பட்டம் முடிய எழுதும்.

அயலில் கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது? இந்தக் கதையைச் சொல்லும். "கோயிலுக்கே போகாத சனம் சிலுவையை இறக்கக்கூடாது எண்டு நிண்டது, அதைப் படிக்கிறன்" என்று தொடங்கிப் பாரும். குருந்தூர்மலையைப் பற்றி நீர் வாய் திறக்க முதல் அவர்களே எடுப்பார்கள். எங்கள் சனம் இந்த விஷயத்தில் பேராசிரியர்களைவிடக் கெதியாகப் புரிந்துகொள்ளும்.

கடைசியாக அம்மன் வாசல். கும்பிடுகிறேனா குறிப்பெடுக்கிறேனா என்ற கேள்வி உம்மை வாட்டுகிறது என்று தெரிகிறது. அதற்கு மெய்யியல் பதில் என்னிடம் இருந்தாலும் இப்போது உதவாது. செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். பொங்கலுக்குப் போகும்போது கொப்பியையும் போனையும் வீட்டில் வைத்துவிட்டுப் போம். மகளாகக் கண்டதை ஆய்வேட்டில் எழுத மாட்டேன் என்று புறப்பட முதல் உமக்குள் தீர்மானித்துக்கொள்ளும். பிறகு ஒரு காலத்தில் அதை எழுத வேண்டியிருந்தால், இன்னொரு நாள் பகலில் போய், ஆய்வாளராக வந்திருக்கிறேன் என்று சொல்லி, கேட்டு, அனுமதியோடு எழுதலாம். இந்த ஒரு வரம்பைப் போட்டுவிட்டால் கண் தானாக ஓயும். கடற்தண்ணியில் திரி எப்படி எரிகிறது என்ற கேள்வி அப்போதும் உமக்குள் எழும்பும். எழும்பட்டும். என் அம்மாவுக்கும் எழும்பினது. அவ எரியிற விளக்கைப் பார்த்துக்கொண்டே கேட்பா, பதிலுக்குக் காத்திருக்காமல் கும்பிடுவா.

அப்பாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டும். "எங்கட கோயில் இதுக்குள்ள வராது அப்பா" என்று உம்முடைய வாயாலும் சொல்லும். எழுத்தில் கொடுத்தாலும் நல்லது, சபைக்காரர் எழுத்தைத்தான் மதிப்பார்கள்.

திரும்பிப் போனதும் கியூபெக் அத்தியாயத்தை அனுப்பும். 2008 தீர்மானத்தில் மரபு என்பதற்கு அவர்கள் வைத்த பிரெஞ்சுச் சொல் எது, அதே சொல் 2019 விவாதத்தில் யாருடைய வாயில் வருகிறது என்று தனியாக ஒரு தாளில் எழுதி வையும். அதைத்தான் முதலில் வாசிப்பேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற அரசறிவியல் விரிவுரையாளர், வவுனியா